மஞ்சள் பூசிய செங்கல்லும் மாப்பிள்ளை வாங்கிய பேர்களும்

"பையன் கம்ப்யூட்டர்ல பேரு வாங்கி விக்கிறான் அண்ணி" என்று என் நாத்தனார் சொன்னபோது நான் பாண்டி பஜார் நடைபாதையில் உட்கார்ந்து ஒரு மாம்பழக் கலர் பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தவில்லை. நாத்தனார் கொண்டு வருகிற எந்த வரனும் ஒரே வார்த்தையில் விளங்கிவிடாது என்பது எனக்குப் பழக்கம்.

"யாரு பேர?" என்று கேட்டேன்.

"யாரு பேரும் இல்ல. சும்மா பேரு. புடவை, நகை, பூ, சாம்பார்னு."

"சாம்பார்ன்ற பேர எவன் காசு குடுத்து வாங்குவான்?"

"அத நீயே அவன கேளு. என்கிட்ட இவ்ளோதான் சொன்னாங்க. காலைல கம்ப்யூட்டர் கிளாஸ்ல சொல்லிக் குடுக்குறான், சம்பளம் வருது. ஆனா அது சோத்துக்காம். மெயினு இதுதானாம்."

"அம்மா அப்பா?"

"அப்பா இல்ல. அம்மா டீச்சரு. அடையாறுல வாடகை வூடு. ஒரே புள்ள. ஒயரமா கீறான்."

உயரத்தைக் கடைசியில் சொன்னதிலேயே அவளுக்கும் இந்த வரனில் பெரிய நம்பிக்கை இல்லை என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு என் பேரை எழுதத் தெரியும். பஸ் நம்பர் படிக்கத் தெரியும். மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான். இதை நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் கல்யாணக் கதை என்பதால் நடுநடுவே "இது வேணாம்மா" என்கிறாள். வேண்டும் என்று சொல்லி எழுத வைக்கிறேன்.

வீடு மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வேலை தியாகராய நகரில். புருஷன் போன பிறகு ஒரு தையல் மிஷினைப் பட்டுக்கடை வாசல் பக்கம் போட்டு, புடவைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ் வைப்பது என்று ஆரம்பித்தேன். கடைக்குள்ளே புடவை எடுத்துவிட்டு வெளியே வருகிறவர்கள் அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டு, ரங்கநாதன் தெரு வரைக்கும் போய்ப் பாத்திரமோ வளையலோ வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் முடித்து வைத்திருப்பேன். தையல் வெளியே தெரியாது. ஃபால்ஸ் வைத்திருக்கிறது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் வேறு யாரும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்று பயம்.

சாயங்காலம் மிஷினைக் கடைக்காரர் மாடிப்படிக்குக் கீழே பூட்டி வைத்துவிடுவார். ஆனால் நடைபாதையில் என் இடத்தை யார் பூட்டி வைப்பது? காலையில் ஒரு நாள் பஸ் தாமதமானால் போதும், வேறொருத்தி கர்ச்சீப்பையும் ஹேர்பின்னையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதற்காக நான் போகும்போது ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவேன். எல்லோரும்தான் ஏதாவது வைப்பார்கள், உடைந்த முக்காலி, சாக்கு, பலகை. அதையெல்லாம் காலால் தள்ளிவிட்டுப் போவார்கள். என் செங்கல்லுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். பொட்டு வைத்த கல்லை யார் காலால் தள்ளுவார்கள்? ஒரு தரம் சிக்னலுக்கு நின்ற ஒரு அம்மாள் அதற்கு ஒரு முழம் பூ சாத்திவிட்டுக்கூடப் போயிருக்கிறாள்.

நாத்தனார் சொல்லிவிட்டுப் போன மறுவாரம் அந்தப் பையன் தனியாக என் இடத்துக்கு வந்து நின்றான். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை மாமியாரைப் பார்க்க வருவது எங்கள் வழக்கத்தில் கிடையாது. கையில் அவன் அம்மாவின் நூல்புடவை ஒன்று இருந்தது.

"அம்மா, இதுக்கு ஃபால்ஸ் வெக்கணும்" என்றான்.

"வெச்சுடலாம். நீ யாருன்னு எனக்குத் தெரியும். உன் ஒயரத்த சொல்லிட்டாங்க."

சிரித்தான். முக்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தான். இந்தப் பேர் வாங்கும் வேலை என்னவென்று நேராகவே கேட்டேன். கம்ப்யூட்டரில் கடை போடுகிறவனுக்கு ஒரு பேர் வேண்டும், அந்தப் பேரை அடித்தால்தான் கடை கண்ணுக்குத் தெரியும், ஒரு பேர் ஒருத்தருக்குத்தான் என்றான். பேருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் அதற்கு ஒரு வாலும் உண்டாம். எல்லோருக்கும் தெரிந்த பழைய வால் வைத்த நல்ல பேர்களையெல்லாம் அமெரிக்காக்காரர்கள் எப்போதோ வாங்கிவிட்டார்களாம். இப்போது கடலுக்கு நடுவில் இருக்கிற குட்டிக் குட்டித் தீவெல்லாம் தங்கள் தங்கள் வாலை விற்க ஆரம்பித்திருக்கிறதாம். புது வால். அதில் பட்டு, நகை, பூ எல்லாம் இன்னும் காலியாகக் கிடக்கிறது, அதை வாங்கி வைக்கிறேன் என்றான்.

"வாங்கி?"

"வெச்சிருப்பேன். நாளைக்கு எல்லாக் கடையும் கம்ப்யூட்டருக்கு வரும். அப்போ பேர் வேணும்னு தேடி வருவாங்க."

"வரலன்னா?"

அவன் மிஷினுக்குக் கீழே கிடந்த செங்கல்லைப் பார்த்தான். "இது எதுக்கும்மா? பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க?"

சொன்னேன்.

"இது இல்லன்னா?"

"வேற ஒருத்தி வந்து குந்திப்பா."

"நான் பண்றது இதேதாம்மா. என்ன, கம்ப்யூட்டர்ல மஞ்சள் பூச முடியாது. வருஷா வருஷம் வாடகை மாதிரி கட்டணும். கட்டலன்னா கல்லைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னவன் அதுவரை யாரும் இல்லை. ஆனால் ஒரு வித்தியாசம் மனதில் உறுத்தியது. நான் கல் வைப்பது ஜனம் நடக்கிற தெருவில். இவன் இன்னும் ஆள் நடமாட்டமே வராத தெருவில் கல் வைக்கிறான். அதையும் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "ஆமாம், அதனாலதான் சீப்பா கிடைக்குது" என்றான்.

சொல் ஒன்று, கண்ணால் பார்ப்பது ஒன்று. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழக்கப்படி நானும் நாத்தனாரும் அடையாறு போனோம். சுத்தமான சின்ன வீடு. டீச்சர் அம்மா காபி கொடுத்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஒரு பிளாட் கட்டுகிற கம்பெனியுடையது, மாதம் முடிந்தும் தாளைக் கிழிக்காமல் அந்தக் கட்டடப் படத்தை அப்படியே வைத்திருந்தார். வீட்டைப் பார்த்தாயிற்று, இவன் வாங்கி வைத்ததையும் பார்த்துவிடுகிறேன் என்றேன். டீச்சர் அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பையன் எங்களை பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிப் போனான். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும், கோயில் மாதிரி. உள்ளே ஏசி. போன் வழியாக ஏதோ கீச்சுக்கீச்சென்று கத்தியது. பிறகு அவன் பேரை அடித்தான். திரையில் மேலேயிருந்து மெல்ல மெல்ல, புடவை பிரிகிற மாதிரி, ஒரு படம் இறங்கியது. ஒருத்தன் மண்வெட்டி வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தான். வேறு ஒன்றும் இல்லை.

"இன்னா இது?"

"வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

"எவ்ளோ நாளா தோண்டுறான் அவன்?"

"நான் வாங்கினதுலேர்ந்து" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான். நாத்தனார் என் முழங்கையைக் கிள்ளினாள்.

பணம் எப்படிக் கட்டுகிறாய் என்று கேட்டேன். அமெரிக்காவில் ஒரு சிநேகிதன் இருக்கிறான், அவன் அட்டையில் கட்டிவிடுவான், நான் இங்கே அதே பணத்தை சைதாப்பேட்டையில் இருக்கும் அவன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்றான். ஒரு தடவைகூட நின்றதில்லையாம். அது எனக்குப் பிடித்தது. பேரைப் பற்றி எனக்கு என்ன தெரியும், கொடுக்கல் வாங்கல் தெரியும்.

வீட்டுக்கு வந்து மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போது லஸ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலையில் இருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் மொட்டை மாடியில் பேசிவிட்டு வந்தார்கள்.

"இதுவரைக்கும் ஒரு பேரும் விக்கலையாம்மா. முதல் வார்த்தையே அதான் சொன்னாரு" என்றாள்.

"அது நல்லதா கெட்டதா?"

"பொய் சொல்லலன்னு சொல்றேன்."

கார்த்திகையில் எங்கள் வீட்டில் தட்டு மாற்றினோம். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் வைத்து, பெரியவர்கள் முன்னால் இந்தத் தட்டு அவர்கள் கைக்கும் அந்தத் தட்டு எங்கள் கைக்கும் போனால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் தட்டைத் திருப்பிக் கேட்பது என்பது கல்யாணத்தை முறிப்பது. மார்கழியில் எதுவும் செய்ய மாட்டோம் என்பதால் கல்யாணம் தையில் என்று முடிவானது.

தட்டு மாற்றிய கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளைக்கு முதல் வியாபாரம் வந்தது. அது நடந்தது என் மிஷினுக்கு மேலே வெயிலுக்கு விரித்திருந்த குடைக்குக் கீழே. பாண்டி பஜாருக்குள் ஒரு சந்தில் ஒரு பாய் ஜரிகை, சமிக்கி, லேஸ் எல்லாம் வைத்திருந்தார். அவர் அப்பா காலத்துக் கடை. நூலும் ஃபால்ஸ் துணியும் நான் அவரிடம்தான் எடுப்பேன். வெளிநாட்டில் வேலை செய்யும் அவர் மகன், கடைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு பேர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தானாம். "எங்க தங்கச்சி விப்பாங்க அதெல்லாம்?" என்று என்னிடம் வந்து கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க மாப்ளதான் விக்கிறாரு" என்றேன்.

மாப்பிள்ளை வந்தான். ஜரிகை என்கிற பேரை இங்கிலீஷ் எழுத்தில் அவன் ஏற்கெனவே ஒரு தீவின் வாலோடு வாங்கி வைத்திருந்தான். விலை சொன்னான். பாய் காது கேட்காதவர் மாதிரி பாதி விலை சொன்னார். மாப்பிள்ளை கொஞ்சம் இறங்கினான். பாய் "கண்ணுக்குத் தெரியாத சரக்குக்கு இவ்ளோவா? எங்க கடைல ஒரு சமிக்கி வாங்கினாக்கூட பொட்லம் கட்டித் தர்றேன் தம்பி" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. எந்தப் பக்கம் பேசினாலும் தப்பாகிவிடும். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்து வந்தது.

"தங்கச்சி, ஒரு வெத்தல குடு" என்றார் பாய். என் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தேன். அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மாப்பிள்ளை கையில் கொடுத்து, அவன் விரல்களை மடக்கினார். "முடிஞ்சது. மிச்சம் பெருநாள் கழிச்சு."

எங்கள் பஜாரில் அதுதான் பத்திரம். அந்த ஒரு ரூபாய் கை மாறிவிட்டால் பொருள் வாங்கினவருடையது. மேலே எவன் எவ்வளவு கொடுத்தாலும் விற்றவன் பேச்சு மாறக் கூடாது, விலை இறங்கினாலும் வாங்கினவர் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அந்த வருஷம் நோன்பு மாசமும் மார்கழியும் ஏறக்குறைய ஒன்றாக வந்திருந்தன. பாய் நோன்பு முடியும் வரை புதுக் கணக்கு எதுவும் வைக்க மாட்டார். அதனால் மீதி வேலை தள்ளிப்போனது.

மார்கழியில் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. சபாக்களுக்குக் கச்சேரி கேட்கப் போகிற மயிலாப்பூர் மாமிகள், "இன்னிக்கு சாயங்காலமே கட்டிண்டு போகணும்" என்று புடவையோடு வந்து நிற்பார்கள். அப்படி ஒரு மத்தியானம் சம்பந்தியம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். டீச்சர் அம்மா ஆட்டோவில் வந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. கையில் கல்யாணத்துக்கு அவர் கட்டிக்கொள்ளப் போகிற அரக்குப் புடவை.

"சம்மந்தி, விஷயம் தெரியுமா? அந்த ஜரிகைப் பேரை வெளிநாட்டுலேர்ந்து கேக்குறாங்க. நம்ம ஊர்ப் புடவையை அங்க விக்கிற கம்பெனியாம். அவங்க சொல்ற விலைக்குப் பக்கத்துலகூட உங்க பாய் நிக்க முடியாது. ஃப்ளாட்டுக்கு முன்பணமே கட்டிடலாம். நம்ம பசங்க சொந்த வீட்டுல குடித்தனம் ஆரம்பிப்பாங்க!"

எனக்கு முதலில் சந்தோஷம்தான். பொய் சொல்வானேன். பிறகு கேட்டேன்.

"பாய் கிட்ட சொல்லியாச்சா?"

"அவர் என்ன குடுத்தாரு, ஒரு ரூபாதானே சம்மந்தி? வேணும்னா நூறாத் திருப்பிக் குடுத்துடலாம்."

ஊசியைப் புடவையில் குத்தி நிறுத்தினேன். "அந்த ஒரு ரூபா என் வெத்தலைல வெச்சுக் குடுத்தது."

"வெத்தலைக்கும் சேத்துக் குடுத்துடலாம்" என்று சிரித்தார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

"ஒரு வெத்தலைல வெச்ச பேச்சு போவும்னா இன்னொரு வெத்தலைல வெச்ச பேச்சும் போவும். அப்படின்னா தட்டையும் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் கர்ச்சீப் விற்கிறவளுக்குக்கூடக் கேட்டிருக்காது. சம்பந்தியம்மா கையைக் காட்டி வேறொரு ஆட்டோவை நிறுத்தி ஏறிப் போய்விட்டார். அரக்குப் புடவை மிஷின் மேலேயே இருந்தது.

சாயங்காலம் மகளிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"தட்டைத் திருப்பிக் குடுன்னு நீ யாரைக் கேட்டுச் சொன்ன? அந்தத் தட்டுல இருந்தது நானும்தான்."

"உன்ன பேச்சு மாறுறவன் கைல குடுக்கச் சொல்றியா?"

"அவரு மாறினாரா? அவரைக் கேட்டியா?"

கேட்கவில்லைதான். அவன் அம்மா சொன்னால் அவன் சொன்ன மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வழக்கத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். தட்டு மாற்றிக்கொள்வது பெரியவர்கள்தானே, பிள்ளைகளா?

மறுநாள் பாய் நோன்போடு என் இடம் தேடி வந்தார். முக்காலியில் உட்கார்ந்து தொப்பியைச் சரி செய்துகொண்டார். "உன் மருமவன் அந்த வெளிநாட்டு லெட்டர் வந்த அன்னிக்கே என்கிட்ட வந்துட்டான் தங்கச்சி. பேரு உங்களுதுதான் பாய், ஆனா இப்படி ஒரு ஆள் கேக்குறான், நீங்க விக்கிறதா இருந்தா அவன் கிட்ட உங்களுக்கே பேசி விடுறேன்னான். பெருநாள் முடியட்டும்னு சொல்லி அனுப்பினேன். நீ இன்னா, அவங்க அம்மாவ அழ வெச்சு அனுப்பினியாமே?"

"அழல. ஆட்டோல ஏறிப் போனாங்க."

"அரே, ஆட்டோல போய் அழுதுருப்பாங்க" என்றார் பாய்.

மாப்பிள்ளை அன்றைக்கே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல அத்தை?"

"உங்கம்மா வந்து சொன்னாங்க."

"அவங்களுக்கு ஃப்ளாட் ஆசை. லெட்டரைப் பாத்ததும் ஓடி வந்துட்டாங்க. ராத்திரி உக்கார வெச்சுச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க தட்டைக் கேட்டுட்டீங்க. இப்ப அவங்க இந்தப் பக்கம் வர மாட்டேன்றாங்க." மிஷின் மேல் இருந்த அரக்குப் புடவையைப் பார்த்தான். "எனக்கும், நீங்க என்னை அப்படி நெனச்சீங்களேன்னு இருக்கு."

கல்யாணம் உண்டா இல்லையா என்று அவன் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. உயரமாக, கொஞ்சம் குனிந்தபடி, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் கூட்டத்தில் போனான். கூட்டத்துக்கு மேலே அவன் தலை ரொம்ப தூரம் வரைக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

நான் சொன்னது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். எனக்கு வந்த சேதிக்கு நான் சொன்ன பதில் சரி. சேதி பாதிதான் வந்தது, அவ்வளவுதான். (இதை எழுதும்போது மகள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். பார்க்கட்டும்.) ஆனால் வீட்டில் அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாள், வந்து படுப்பாள். தைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கவில்லை.

மிஷின் மேல் அந்த அரக்குப் புடவை இருந்தது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மாமிகளின் புடவைகளைத் தள்ளி வைத்துவிட்டு, ஓரம் அடித்து, அதே நிறத்தில் ஃபால்ஸ் துணி தேடி எடுத்து, கையாலேயே தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பொடித் தையல் போட்டதில்லை. மடித்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு அடையாறு பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மா வாங்க என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார். நான் புடவையை நீட்டினேன்.

"உங்க புடவை. மறந்துட்டுப் போயிட்டீங்க."

"தைக்கச் சொல்லலையே."

"தைக்கக் குடுக்கத்தானே எடுத்தாந்தீங்க."

பிரித்துப் பார்த்தார். டீச்சர் இல்லையா, தப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். ஓரம் முழுக்க விரலால் தடவிக்கொண்டே போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலண்டரில் அந்தக் கட்டடப் படம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

"வாடகை வீட்டுலயே தலை நரைச்சுப் போச்சு சம்மந்தி. ஒரே ஒரு நாள் ஆசைப்பட்டேன். அன்னிக்குப் பாத்துத் தட்டைக் கேட்டுட்டீங்க" என்றார்.

மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு இங்கிலீஷ் மாதிரி, கேட்டால் புரியும், சொல்ல வராது.

"உங்க தட்டு என் வூட்லயே இருக்கட்டும்" என்றேன். "பத்தரமா வெச்சிருக்கேன். புளி போட்டுத் தேச்சுக்கூட வெச்சேன்."

அவர் புடவையை மடித்து வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். டபராவில் ஆற்றுகிற சத்தம் கேட்டது. காபியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "குடிங்க, ஒரு ரூபா சம்மந்தி" என்றார். அன்றைக்கு வைத்த பேர்.

பெருநாள் முடிந்து பாய் ஒரு முடிவுக்கு வருவதற்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனி பதில் போடுவதை நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை தேடிப் பார்த்தான். அதே ஜரிகைப் பேரை வேறொரு தீவின் வாலோடு வாங்கி, கடையும் திறந்துவிட்டார்கள். "போவட்டும் தம்பி, எனக்குக் குடுத்துடு" என்று பாய் முதலில் பேசின விலையைக் கொடுத்தார். பேச்சு மாறியிருந்தால் பணம் வந்திருக்குமா, வந்திருக்காதா என்று யாருக்கும் தெரியாது. சம்பந்தியம்மா வந்திருக்கும் என்கிறார். நான் விவாதம் செய்வதில்லை.

கல்யாணம் தையில் சைதாப்பேட்டையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தப் புடவைக்கு பாய் தன் கையால் அளந்து ஜரிகை பார்டர் கொடுத்தார். சம்பந்தியம்மா அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு மண்டபம் முழுக்க நடந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஓரத்தைத்தான் பார்த்தேன். ஒரு இழைகூடத் தெரியவில்லை.

மாப்பிள்ளையின் பேர் வியாபாரம் அப்புறம் பெரிதாக நடக்கவில்லை. பூ போனது, நகை போனது, சாம்பாரும் போனது, ஒவ்வொன்றாக வருஷக் காசு கட்டாமல் விட்டுவிட்டான். எனக்குக் காரணம் புரிந்தது. பாண்டி பஜார் நடைபாதைக்கு ஒரு முனை இருக்கிறது, இந்த முனையும் அந்த முனையும். அதனால்தான் என் செங்கல்லுக்கு மதிப்பு. அவன் கல் வைத்த நடைபாதைக்கு முனையே இல்லை. ஒரு வால் தீர்ந்தால் இன்னொரு தீவு இன்னொரு வாலை நீட்டுகிறது. இதை அவனிடம் சொன்னபோது, "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றான். எனக்கே அப்போதுதானே தெரிந்தது. பிறகு அவன் பெருங்குடிப் பக்கம் ஒரு ஆபீசில் சேர்ந்தான். பாயின் பேரை மட்டும் இன்றைக்கும் வருஷம் தவறாமல் அவன்தான் கட்டிப் புதுப்பிக்கிறான். அதில் அந்த மண்வெட்டிக்காரன் ரொம்ப நாள் தோண்டிவிட்டு, ஒரு வழியாகப் போய், இப்போது ஜரிகைக் கட்டு ஒன்றின் படம் இருக்கிறதாம்.

பேத்திக்குப் பேர் வைத்த அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் சம்பந்தியம்மா என்னைக் காட்டி, "இவங்கதான் எங்க ஒரு ரூபா சம்மந்தி" என்று அறிமுகம் செய்தார். கேட்டவர்கள் என்னவென்று புரியாமல் சிரித்தார்கள்.

"ஒரு ரூபாயும் ஒரு வெத்தலையும்" என்று நான் திருத்தினேன். வெற்றிலை என்னுடையதாயிற்றே.